மூன்றாவது குழாயின் ஈரம்

அன்புள்ள தம்பிக்கு,

கடவுள் அருளால் உன் அக்கா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அத்தானும் சுகம். இன்று காலை ஆறரை மணிக்கு முதல் குழாய் எழுபத்தொன்று, இரண்டாம் குழாய் ஐம்பத்து நாலு, மூன்றாம் குழாய் பன்னிரண்டு. வானம் தெளிவு. நீ அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு, நேரத்தோடு படுத்து, உடம்பைப் பார்த்துக்கொள்கிறாய் என்று நம்புகிறேன்.

இதற்கு மேல் நலம் எழுத எனக்குக் கை வரவில்லை. இதை நின்றுகொண்டு படிக்காதே. ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, பக்கத்தில் குடிக்க ஏதாவது வைத்துக்கொண்டு படி. போனில் சொல்லியிருக்கலாம்தான். சொன்னால் நீ உடனே "பரவாயில்லக்கா, விடு" என்று சொல்லிவிடுவாய். அந்தக் குரலைக் கேட்கிற தெம்பு எனக்கு இல்லை. அதனால்தான் விரைவுத் தபால். பதினேழாம் தேதிக்குள் உன் கைக்கு வந்துவிடும் என்று தபால்காரர் அடித்துச் சொல்லியிருக்கிறார்.

மூன்று நாளைக்கு முன் உன் கடிதம் வந்தது. அதை எத்தனை முறை படித்தேன் என்று எண்ணவில்லை. எதையும் எண்ணிவைக்கிற நான் அதை மட்டும் எண்ணவில்லை. வருகிற இருபதாம் தேதி ஒன்பது பெரியவர்கள் முன்னால் நின்று நீ பேசப் போகிறாய். அவர்கள் தலையசைத்தால் உன் மண் ஆராய்ச்சி வேலை நிரந்தரம். இல்லையென்றால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். உன் பேச்சு முழுக்க நம் வீட்டுக் கொல்லையில் நிற்கிற மூன்றாவது குழாயை நம்பித்தான் நிற்கிறது. ஆறு மாதமாக ஒரு சொட்டு மழை இல்லை, ஓரடி ஆழத்துக் குழாயும் ஈரடி ஆழத்துக் குழாயும் தாகத்தில் தவிக்கின்றன, மூன்றடி ஆழத்தில் மட்டும் ஈரம் குறையவே இல்லை, போன வருஷத்து மழை பின்பக்கத்து மேட்டில் இறங்கி, அடியில் இருக்கிற களிமண்மேல் பக்கவாட்டாக, நாளைக்கு ஒரு விரலோ இரண்டு விரலோ நகர்ந்து நகர்ந்து இப்போதுதான் நம் கொல்லைக்கு வந்து சேர்ந்துகொண்டிருக்கிறது என்று எழுதியிருந்தாய். "அக்கா, இப்படி ஒரு நடையை இவ்வளவு தெளிவாக யாரும் அளந்து காட்டியதில்லை. உன் நோட்டுப் புத்தகம்தான் என் சாட்சி" என்று அடிக்கோடு வேறு போட்டிருந்தாய்.

தம்பி, அந்த ஈரம் போன வருஷத்து மழை இல்லை. அது என் செம்புத் தண்ணீர்.

எப்படிச் சொல்வது, முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன். நீ அந்தக் குழாய்களைப் பதித்த நாள் எனக்கு இன்னும் கண்ணுக்குள்ளேயே இருக்கிறது. நீண்ட துளைப்பானைத் திருகித் திருகி மண்ணுக்குள் இறக்கினாய். எடுத்த மண்ணைச் சலித்து, மாவு மாதிரி கரைத்துக் குழிக்குள் ஊற்றினாய். குழாயின் நுனியில் இருக்கிற அந்த வெள்ளைப் பீங்கான் குமிழைக் குழந்தையின் கால் கட்டைவிரலைப் பிடிப்பது போலப் பிடித்து, "அக்கா, இதுல கண்ணுக்குத் தெரியாத ஓட்டை நிறைய இருக்கு. மண்ணு காஞ்சா இது வழியா குழாய்த் தண்ணிய உறிஞ்சும். உறிஞ்சுற பலத்த மேல இருக்கிற முள்ளு காட்டும்" என்றாய். அப்படியென்றால் மண்ணுக்கு எவ்வளவு தாகம் என்று சொல்கிற கருவி என்று எனக்கு விளங்கிவிட்டது. எண் ஏறினால் தாகம் அதிகம், எண் இறங்கினால் ஈரம். இந்தத் தலைகீழ்க் கணக்கு உன் அத்தானுக்கு இன்றுவரை புரியவில்லை. நான் கை சுட்டுக்கொண்டு படுத்திருந்த ஒரே ஒரு நாள் அவரை அளவெடுக்க அனுப்பினேன். எண் எழுத வேண்டிய மூன்று கட்டத்திலும் "சுகம், சுகம், சுகம்" என்று எழுதி வைத்திருந்தார். நீ அந்த நாளைப் பற்றிக் கேட்டு எழுதியிருந்தாயே, அதுதான் விஷயம்.

அப்புறம் நீ நாலு முளை அடித்துக் கயிறு கட்டினாய். பலகை ஒன்றில் பெரிய எழுத்தில், "இதற்குள் யாரும் கால் வைக்கக் கூடாது, ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றக் கூடாது" என்று எழுதி நட்டாய். போகும்போது என் கையில் நோட்டைக் கொடுத்து, தப்பாக எழுதிவிட்டால் அழிக்காதே, கிழிக்காதே, மேலே ஒரு கோடு போட்டுப் பக்கத்தில் காரணத்தை எழுது என்று சொன்னாய். சொல்லிக்கொண்டிருக்கும்போதே மழை பிடித்துக்கொண்டது. பெட்டியைத் தலைமேல் வைத்துக்கொண்டு நீ வண்டிக்கு ஓடினாய். அதுதான் கடைசி மழை. அதற்குப் பிறகு வானம் வாயைத் திறக்கவில்லை.

நம் வீட்டுச் சாமி அலமாரியில் ஒரு வெண்கலச் செம்பு இருக்கிறதே, வெறுமையாகவே முக்கால் கிலோ கனக்குமே, அதில் தினமும் படுக்கப்போகும் முன் கால் லிட்டர் தண்ணீர் வைப்பேன், விடிந்ததும் துதி சொல்லிக்கொண்டே கொண்டுபோய்க் கால் படாத இடத்தில் சேர்ப்பேன் என்பது உனக்குத் தெரிந்ததுதான். முன்பெல்லாம் கால் படாத இடம் என்று தேடிக் கொல்லையெல்லாம் அலைவேன். நீ வந்தாய், கயிறு கட்டினாய், யாரும் கால் வைக்கக் கூடாது என்று பலகையும் நட்டாய். எனக்கு அது கடவுளே பார்த்து ஒதுக்கிக் கொடுத்த இடம் மாதிரி இருந்தது. சூரியன் உதிக்கிற பக்கம் மூன்றாவது குழாய். கயிற்றுக்கு வெளியே நின்று, கண்ணை மூடிக்கொண்டு, கையை நீட்டி, அதன் அடியில் கவிழ்ப்பேன். நூற்று எண்பத்திரண்டு நாள். அந்தப் பலகையைத் தினமும் படித்துவிட்டுத்தான் கவிழ்த்தேன். நீ நம்ப மாட்டாய். அது தண்ணீர் ஊற்றுவது என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஊற்றுவது வேறு, சேர்ப்பது வேறு என்று என் மனசு தானாகவே பிரித்து வைத்துக்கொண்டிருந்தது. உன் கடிதத்தைப் படித்து, பெருமையில் அழுது, முகம் கழுவி, நன்றி சொல்லலாம் என்று செம்பை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போய்க் கவிழ்க்கக் கையை நீட்டினேன் பார், அப்போதுதான் கை அப்படியே நின்றது.

கணக்குப் போட்டுவிட்டேன். ஒரு நாளைக்குக் கால் லிட்டர் வீதம் நாற்பத்தைந்தரை லிட்டர். குழாயை ஒட்டி மண் சரியாக அமுங்காமல் நூலளவு சந்து இருந்தாலும் மேலே விழுகிற தண்ணீர் நேரே நுனிக்கு ஓடிவிடும், பிறகு அளவெல்லாம் பொய் சொல்லும் என்று நீதானே சொன்னாய்? அந்தச் சந்து வழியாகத்தான் இறங்கியிருக்கிறது. இப்போது யோசித்தால் எல்லாம் பொருந்துகிறது. கவிழ்த்துவிட்டுக் கண்ணைத் திறக்கும்போது தரையில் ஈரமே இருக்காது. அப்பா, என்ன தாகம் இந்த மண்ணுக்கு, ஒரு துதி முடிவதற்குள் கால் லிட்டரையும் குடித்துவிட்டதே என்று நினைத்துக்கொண்டு உள்ளே வந்துவிடுவேன்.

அன்றிலிருந்து மூன்று நாளாகச் செம்புத் தண்ணீரைத் தெருப்பக்கத்துத் தொட்டிச் செடிக்குச் சேர்க்கிறேன். மூன்றாவது குழாய் முள் பன்னிரண்டிலேயே நிற்கிறது. அதைப் பார்த்து நப்பாசை வைக்காதே. ஆறு மாதம் குடித்த மண் மூன்று நாளில் காய்ந்துவிடுமா?

தம்பி, உனக்காக மட்டும் நான் அழவில்லை, எனக்காகவும் கொஞ்சம் அழுதேன். இந்த ஆறு மாதம் எனக்கு எப்படிப் போனது என்று உனக்குச் சொன்னதில்லை. நீ போன பிறகு வீடு ரொம்பப் பெரிசாக இருந்தது. காலையில் அந்த மூன்று முள்ளையும் பார்க்கிற பத்து நிமிஷத்தில் எனக்கு ஏதோ ஆகிவிடும். துகளுக்கு நடுவில் பாதி காற்றும் பாதி தண்ணீருமாக இருக்கிற மண்ணில் தண்ணீர் விழாது, ஒட்டிக்கொண்டு தடவித் தடவி நடக்கும் என்று சொன்னாய் அல்லவா? அது என்னைப் பிடித்துக்கொண்டது. மத்தியானம் வேலை முடிந்து வெறுந்தரையில் படுத்தால், காதுக்குக் கீழே மூன்றடியில், விளக்கில்லாத பெரிய கூடத்தில் சுவரைத் தடவிக்கொண்டு யாரோ நடப்பது போல இருக்கும். அவசரமே இல்லாத நடை. நானும் கூடவே நடப்பேன். சுவர்க்கடிகாரம் மூன்று அடிக்கும்போது ஒரு விரற்கடைதான் போயிருப்போம். எழுந்து பார்த்தால் கன்னத்தில் தரையின் குளிர் ஒட்டியிருக்கும்.

நீ நடுவில் இரண்டு இரும்பு வளையங்களை அனுப்பினாயே, சின்னதும் பெரிசுமாக, ஒன்றுக்குள் ஒன்றாகத் தரையில் அடித்து, இரண்டிலும் தண்ணீர் நிரப்பி, உள்வளையத்தில் மட்டம் எவ்வளவு நேரத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று எழுதச் சொல்லி. அந்த வேலையைக் கயிற்றுக்கு வெளியே, மதில் ஓரமாகத்தான் வைத்துக்கொண்டேன். பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா ஒரு முக்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டாள்.

"என்னம்மா, தரையில தண்ணிய ஊத்தி அதையே உத்துப் பாத்துக்கிட்டு இருக்கீங்க? வீட்டுல எல்லாரும் நல்லாத்தானே இருக்காங்க?"

"அளக்கிறேன். எவ்வளவு வேகமா உள்ள போகுதுன்னு."

"உள்வளையம் சரி. வெளிவளையம் எதுக்கு?"

"வெளியில ஊத்தலைன்னா உள்ள இருக்கிற தண்ணி பக்கத்துல பரவிப் போயிரும். சுத்தியும் ஈரமா இருந்தா அது நேரா கீழ போகும்."

அவள் முக்காலியை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டு, "அப்போ நானும் எங்க வீட்டுக்காரரைச் சுத்தி நாலு நல்ல மனுஷனா நிக்க வெக்கணும்" என்றாள். அவள் வாய் அப்படி. ஆனால் அன்றைக்குப் பூராவும் தைக்காமல் என்னோடு உட்கார்ந்து, தன் அளவு நாடாவை வளையத்துக்குள் தொங்கவிட்டு, ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை மட்டத்தைச் சொன்னது அவள்தான். அதையும் நோட்டில் எழுதியிருக்கிறேன்.

மறுநாள் நீலச் சாயம். உள்வளையத்தில் ஊற்றி, ஒரு நாள் விட்டு, பக்கத்தில் குழி தோண்டிப் பார்க்கச் சொல்லியிருந்தாய். உன் அத்தான் வெள்ளைச் சட்டையோடு தோண்டினார். மாற்றிக்கொண்டு தோண்டுங்களேன் என்று மூன்று முறை சொன்னேன், "நான் என்ன குழந்தையா?" என்று கேட்டார். அந்தச் சட்டை இப்போது என்னிடம் தரை துடைக்கிற துணியாக இருக்கிறது. ஆனால் தம்பி, குழியின் சுவரைப் பார்த்ததும் இரண்டு பேரும் குனிந்து முகத்தைக் கிட்டே கொண்டுபோனோம். நீலம் ஒரே மட்டமாக இறங்கியிருக்கும் என்று நான் நினைத்திருந்தேன். அது விரல் விரலாக இறங்கியிருந்தது. புழு போன வழியில் ஒன்று, செத்துப்போன வேரின் வழியில் ஒன்று. உட்கார்ந்து யோசிக்கிற மாதிரி ஓரிடத்தில் தேங்கி, பிறகு மனசு மாறி வேறு பக்கம் கிளம்பிய வழி ஒன்று. மண்ணுக்குள் யாரோ கையை நீட்டி எதையோ தேடுகிற மாதிரி. உன் அத்தான் மண்வெட்டியைச் சாய்த்து வைத்துவிட்டு, "இத்தனை நாளா இதுமேலதான் நடந்துக்கிட்டு இருந்தோமா?" என்றார். அன்றைக்கு முழுக்க இரண்டு பேரும் கொல்லையில் மெதுவாகவே காலை வைத்து நடந்தோம்.

மாதம் ஒருமுறை ஓரடி ஆழத்து மண்ணை டப்பாவில் எடுத்து, எடை போட்டு, அடுப்புப் பெட்டியில் ஒரு நாள் முழுக்க வாட்டி, மறுபடி எடை போட்டேனே, போன எடை எல்லாம் தண்ணீர் என்று எழுதினேனே, அதில் மட்டும் ஒரு குறையும் சொல்ல முடியாது. முதல் தடவை வாட்டியபோது சமையலறையில் மழை வாசனை எழுந்தது. வெளியே வெயில் கொளுத்துகிறது, உள்ளே வீடெல்லாம் அப்போதுதான் மழை பிடித்த மாதிரி வாசனை. உன் அத்தான் தூக்கத்திலிருந்து எழுந்து, "துணி நனையுது!" என்று கொடிக்கு ஓடினார். காய்ந்த துணியை அள்ளிக்கொண்டு வந்து, வானத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். அதற்குப் பிறகு மண் வாட்டுகிற நாளில் அவர் வெளியே போகமாட்டார். சமையலறை வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுவார். இந்த ஆறு மாதத்தில் அவர் முகமே தெளிந்திருக்கிறது. விடியற்காலையில் வெறும் வயிற்றில் போடுகிற அந்தச் சின்ன மாத்திரை ஒத்துக்கொண்டது என்று நினைக்கிறேன்.

பார், எங்கேயோ போய்விட்டேன். சொல்ல வந்தது இதுதான். அந்த மேடையில் ஏறி, மூன்றாவது குழாயைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாதே. ஒன்பது பெரியவர்களில் யாராவது ஒருவர் நம் கொல்லைக்கு வந்து, காலையில் ஒரு அம்மா கண்ணை மூடிக்கொண்டு செம்பைக் கவிழ்ப்பதைப் பார்த்தால் உன் நிலைமை என்ன ஆகும்? மற்ற இரண்டு குழாயும் உண்மை, வளையம் உண்மை, நீலம் உண்மை, டப்பா உண்மை. அதை வைத்து ஏதாவது பேச முடியுமா பார். வேலை போனால் போகட்டும், பொய் அளவை வைத்து வந்த வேலை வேண்டாம். உன் அறை அப்படியேதான் இருக்கிறது, ஜன்னல் கொக்கியை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

எனக்கு ஒரே ஒரு வருத்தம். சாமிக்கு வைத்த தண்ணீர் எங்கே போகிறது என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. இப்போது மூன்றடி ஆழம்வரை போய், முள்ளில் தெரிந்து, நோட்டில் ஏறி, உன் பேச்சுவரை வந்து, கடைசியில் உன்னையே கவிழ்க்கிறது. இதை எந்த வேண்டுதலில் போய்ச் சொல்வது?

நீ நன்றாக இருக்க வேண்டும். உன் கால் போகிற இடமெல்லாம் தரை உறுதியாக இருக்க வேண்டும். கடவுள் உன் பக்கம் நிற்கட்டும், உன் அக்கா செய்ததை அவர் உன் பெயரில் எழுதாமல் இருக்கட்டும். அத்தான் விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார்.

இப்படிக்கு,
உன்மேல் உயிரை வைத்திருக்கிற
அக்கா

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன், ஏதாவது விட்டுப்போயிற்றா பாருங்கள் என்று உன் அத்தானிடம் இந்தக் கடிதத்தைக் கொடுத்தேன். செம்பு வருகிற பக்கம்வரை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார்.

"இதை அனுப்பாத."

"ஏன்?"

"செம்புல தண்ணி இருந்தாத்தானே நீ ஊத்தியிருப்ப?"

அவரே சொன்னார். விடியற்காலையில் மாத்திரை போட வேண்டும். சமையலறைக் கதவைத் தொட்டால் கிறீச்சென்று கத்தும், நான் எழுந்துவிடுவேன். சாமி அலமாரி கட்டிலுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. செம்பில் தண்ணீர் தயாராக இருக்கிறது. "தூங்குற உன்ன எதுக்கு எழுப்பணும்னுதான்…" என்று இழுத்தார்.

"எத்தனை நாளா?"

"மாத்திரை ஆரம்பிச்சதுலேர்ந்து. உன் தம்பி போனதுக்கு முந்தின வாரம்."

"எல்லாத்தையுமா?"

"சேச்சே. சாமிக்கும் கொஞ்சம் வெச்சுருவேன்."

அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்று இன்று மத்தியானம் அவரை உட்கார வைத்து, கால் லிட்டர் ஊற்றி, அதே மாதிரி குடித்துக் காட்டச் சொல்லி, மிச்சத்தை அளந்தேன். இரண்டு தேக்கரண்டி. மறுபடியும் குடிக்க வைத்து அளந்தேன், இரண்டேகால். மூன்றாவது முறை கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். இரண்டு தேக்கரண்டித் தண்ணீர் இந்த வெயிலில் மண்ணின் மேல்தோலைக்கூட நனைக்காது, மூன்றடிக்கு எங்கே போகும்? கண்ணைத் திறந்தால் தரையில் ஈரமே இல்லாததற்கு மண்ணின் தாகம் காரணமில்லை. சாமி தண்ணீர் அத்தனையும் போன இடம் உன் அத்தானின் வயிறு. முகம் ஏன் தெளிந்தது என்று இப்போது தெரிகிறது. அவரிடம் இரண்டு மணி நேரமாகப் பேசவில்லை. இன்றைக்குள் பேசிவிடுவேன் என்று நினைக்கிறேன்.

இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டிருக்கலாம். நீ சொல்லிக் கொடுத்தபடி செய்கிறேன். "அந்த ஈரம் போன வருஷத்து மழை இல்லை" என்பதிலிருந்து "இதை எந்த வேண்டுதலில் போய்ச் சொல்வது" என்பதுவரை குறுக்கே ஒரு கோடு போட்டதாக வைத்துக்கொள். காரணம்: செம்பில் தண்ணீர் இல்லை. மேடையில் ஏறு, மூன்றாவது குழாயைப் பற்றியே பேசு. யாராவது கேட்டால், அந்த அம்மா ஊற்றினாள், ஆனால் ஊற்றவில்லை என்று சொல். நோட்டிலும் இன்று அப்படியே எழுதி, அத்தானிடம் கையெழுத்து வாங்கிவிட்டேன்.

தபாலுக்குக் கிளம்பும் முன் கொல்லைக்குப் போய்ப் பார்த்தேன். மாலை நாலே கால். முதல் குழாய் எழுபத்திரண்டு, இரண்டாம் குழாய் ஐம்பத்தைந்து. மூன்றாம் குழாய் பதினொன்று. ஆமாம், இறங்கியிருக்கிறது. கண்ணாடியைத் தட்டிப் பார்த்தேன், பதினொன்றேதான். மூன்று நாளாக நான் அந்தப் பக்கம் செம்பை எடுத்துக்கொண்டே போகவில்லை. உன் அத்தானும் வந்து குனிந்து பார்த்தார். நீ பெட்டியைத் தலைமேல் வைத்துக்கொண்டு ஓடிய அன்று பெய்ததே, அந்த மழை இப்போதுதான் நம் வீட்டுக்கு வந்து சேருகிறது.